இரண்டு கோப்பைகளுக்கு நடுவே

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு ஆட்கள் பலவிதமான தடயங்களோடு வருவார்கள். திருட்டுக் கோப்பையோடு வந்த முதல் ஆள் அந்த அம்மாதான்.

கைப்பையின் ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த வெள்ளைக் கோப்பையை எடுத்து பாஸின் மேஜைமேல் வைத்தார். அடியில் கொஞ்சம் டீ இன்னும் காயாமல் இருந்தது.

"காபி ஷாப்ல இருந்து எடுத்துட்டு வந்துட்டேன். கேட்டா குடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

"கவலைப்படாதீங்கம்மா. கேஸ் முடியறதுக்குள்ள சாசரையும் தூக்கிட்டு வந்துடலாம். செட்டா இருக்கும்" என்றேன்.

பாஸ் என்னை முறைத்தார். பாஸ் என்றதும் மீசை வைத்த ஆசாமியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைக்குமேல் தள்ளிவிட்டுவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுவார். ஆனால் அடுத்தவர்கள் தொலைத்ததைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் வாலு. செல்லத்தில் வைத்ததல்ல, கடுப்பில் வைத்தது.

"வாலு, கொஞ்சம் சுருட்டி வச்சுக்க" என்றவர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

ஒரு பக்கம் காபி ஷாப்பின் சின்னம், பளிச்சென்று. மறுபக்கத்தைத் திருப்பினால் மங்கலாக ஏதோ ஒன்று. நான் டீக்கறை என்றே நினைத்தேன்.

"கறை மாதிரி இருக்கே?"

"கறை இல்ல தம்பி. என் பொண்ணு."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மூக்கு, மோவாய், ஒரு பக்கமாக ஒதுங்கிய சிரிப்பு, குட்டையான முடி. பார்க்கப் பார்க்க ஒரு முகம் மேலே வந்தது. பாஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அசையவில்லை.

"மேல ஒட்டினது இல்ல. உள்ளயே இறங்கியிருக்கு" என்று முணுமுணுத்தார். "பொண்ணு எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா தலையை ஆட்டினார். "நான் பார்த்து வச்ச பையனை வேணாம்னுட்டு அவளா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா. எனக்கு ஆத்திரம். 'இனிமே உன் மூஞ்சியை என் கண்ணுல காட்டாதே'ன்னுட்டேன். சின்ன வயசுல இருந்து நான் சொன்ன ஒண்ணையும் கேட்டதில்ல மேடம் அவ. அதை மட்டும் கேட்டுட்டா."

எனக்கு அடுத்த ஜோக் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"போகும்போது இடுப்பு வரைக்கும் ஜடை. இதுல பாருங்க, ஸ்டைலா வெட்டிக்கிட்டிருக்கா. அப்ப இது புது போட்டோதானே? எங்கயோ நல்லா இருக்கா. எங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய் அவ வாசல்ல நிக்கறேன். மானம் ரோஷம் எல்லாம் போதும்."

பாஸ் எழுந்துவிட்டார். கண்ணாடி தலைமேல்தான் இருந்தது.

காபி ஷாப் முதலாளி கல்லாவுக்குப் பின்னால் இருந்து, என் கையில் இருந்த கோப்பையை அடையாளம் கண்டுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"எங்க கப் ஆச்சே அது!"

"அதேதான். ஊர் சுத்திப் பார்க்கக் கூட்டிட்டுப் போயிருந்தோம். பத்திரமா கொண்டாந்து விட்டுட்டோம்" என்றேன்.

பாஸ் விஷயத்தைச் சொன்னார். முதலாளி கோப்பையை வாங்கி, குடிப்பதுபோல் உயர்த்திப் பார்த்தார். "முகமா? எங்க சின்னம்தான் தெரியுது."

"இடது கைக்கு மாத்துங்க."

மாற்றினார். மங்கலான அந்த முகம் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. கோப்பையைக் கீழே போட்டிருப்பார், நான் பிடித்துக்கொண்டேன். "பேய்!" என்றார்.

"பேய் இல்லீங்க. வலது கையில பிடிச்சா சின்னம் நம்மளைப் பார்க்கும். இடது கையில பிடிச்சாதான் இந்தப் பொண்ணு பார்க்கும்" என்ற பாஸ் என் பக்கம் திரும்பினார். "இந்தக் கடையில எத்தனை பேர் இதுல குடிச்சிருப்பாங்க? ஒருத்தர் கண்ணுலயும் படல. அந்த அம்மா கண்ணுல பட்டுது. அவங்க கைக்குட்டையை எந்தக் கையால பிரிச்சாங்க, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. பாஸ் சொன்ன பிறகு நினைத்துப் பார்த்தால், இடது கை.

கடையிலிருந்த கோப்பைகளை எல்லாம் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். வேறு ஒரே ஒரு கோப்பையில் அதே முகம், இன்னும் மங்கலாக, புகை படிந்ததுபோல் இருந்தது. மற்றவை சுத்தம்.

"எங்க பிரிண்ட் அடிச்சீங்க?" என்றார் பாஸ்.

"பின்னாடி தெருவுல ஒரு சின்ன பிரிண்டிங் கடை. என்னை மாதிரி சின்ன வியாபாரிங்களுக்கெல்லாம் அங்கதான். கப், டி-ஷர்ட், சாவிக்கொத்து, எதைக் குடுத்தாலும் பேர் போட்டுத் தருவாங்க. முன்னெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவைதான் ரொம்ப சொதப்பல். தாமதம் வேற. சில கப்ல எங்க பேர் கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி விழுந்திருந்துச்சு. மாத்திக் குடுத்துட்டார். ஆனா என்னாச்சுன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறார்."

காரில் அந்த அம்மா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வரவேண்டாம் என்று பாஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தம்பி, நான் ரொம்ப இளைச்சுட்டேன். என்னைப் பார்த்தா அவளுக்கு அடையாளம் தெரியுமா?"

"அதெல்லாம் தெரியும்மா" என்றேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டின் முன்னறைதான் அந்தப் பிரிண்டிங் கடை. அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

அலமாரி நிறைய மாதிரிகள். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தண்ணீர் பாட்டில், பேக்கரிக்குக் கோப்பை, நாய் வைத்தியருக்கு நாய் படம் போட்ட தட்டு. நாய்கூட சிரித்த மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் எழுத்து நேராக, நிறம் கச்சிதமாக, ஒரு பிசிறு இல்லை.

அலமாரிக்குக் கீழே வேறொரு உலகம். மேஜை முழுக்கக் காகிதக் குப்பை. முடிவெட்டும் கடை ஒன்றின் பெயர் திரும்பி விழுந்த கோப்பைகள் ஓரமாகக் குவிந்திருந்தன. நடுவில் கப்பில் படம் பதிக்கும் பிரஸ் மெஷின், அதன் முன்னால் விரல் நுனிகளில் சூடு பட்ட தழும்புகளோடு கடைக்காரர். சவரம் செய்து நாளாகியிருந்தது.

"ஒரு கப்ல போட்டோ போடணும். எப்படிப் போடுவீங்க?" என்றார் பாஸ், ஒன்றும் தெரியாதவர் போல.

"படத்தைத் திருப்பி வச்சு பேப்பர்ல பிரிண்ட் எடுக்கணும். அதைக் கப் மேல ஒட்டணும். அதுக்கு மேல ஒரு வெறும் தாளைச் சுத்தி, மெஷினுக்குள்ள வச்சு இறுக்கிடணும். சூட்டுல மை ஆவியாகிக் கப்புக்குள்ள இறங்கிடும்" என்றார் அவர், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"வெறும் தாள் எதுக்கு?"

"பின்பக்கமா கசியற மை மெஷின்ல ஒட்டிடக் கூடாது. அதுக்குத்தான்."

"ஒரே தாளை வச்சு எல்லாக் கப்பையும் அடிச்சா?"

"கூடாது. ஒவ்வொரு கப்புக்கும் மாத்தணும். இல்லன்னா முந்தின கப்போட படம் தாள்ல தங்கி, அடுத்த கப்புல..." அவர் பேச்சு நின்றது. பிறகு, "எனக்கு அது முதல்ல தெரியாது" என்றார்.

பாஸ் கோப்பையை அவர் முன் வைத்து, முகம் இருந்த பக்கத்தைத் திருப்பினார். கடைக்காரர் அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"யார் இது?"

"யாரோ கஸ்டமர். ஞாபகம் இல்ல."

"நாய் போட்டோவைக்கூட ஞாபகமா அலமாரியில வச்சிருக்கீங்க. இது மட்டும் மறந்து போச்சா?" என்றேன்.

பாஸ் கையமர்த்தினார். "நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க. அலமாரியில இருக்கற எல்லாக் கப்லயும் போட்டோ வலது கைக்காரங்க பார்க்கற பக்கம் இருக்கு. இந்த முகம் மட்டும் எதிர்ப்பக்கம். யாரோ ஒரு இடது கைக்காரங்க குடிக்கும்போது பார்க்கணும்னு ஒரு கப் செஞ்சிருக்கீங்க. அதோட நிழல்தான் இது."

கடைக்காரர் விரல் தழும்புகளைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் கப்பைச் செஞ்சதும் அலமாரியில இருக்கறதையெல்லாம் செஞ்சதும் ஒரே ஆள். இதுல ஒண்ணுலகூட நிழல் இல்ல, அவங்க ஒரு தடவைகூடத் தாளை மாத்த மறந்ததில்ல. ஆனா அதுக்கு அடுத்து இதே மெஷின்ல வச்ச கப், காபி ஷாப்போட கப். அதைச் செஞ்சவருக்குத் தாளை மாத்தணும்ங்கறதே தெரியல. படத்தைத் திருப்பணும்ங்கறதும் சரியா பழகல." பாஸின் குரல் இறங்கியது. "இந்த ரெண்டு கப்புக்கு நடுவுல மெஷின் முன்னாடி ஆள் மாறியிருக்காங்க. அந்த நல்ல கை எங்கங்க?"

கேள்வியை முடித்தபோதே பாஸுக்கு விடை தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கும் தெரிந்துவிட்டது.

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "போயிடுச்சு மேடம்" என்றார்.

வெளியே கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"என் வீட்டுக்காரி. ரத்தத்துல வியாதி. இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் கடைசியா அந்தக் கப்பைச் செஞ்சா. நிக்க முடியல. நான் பண்றேன்னேன், விடல. மெஷின்ல இருந்தது அவ சுத்தி வச்ச தாள். எடுக்கணும்னு எனக்குத் தெரியல. அவ போனப்புறம் காபி ஷாப் கப்பை நேரா உள்ள வச்சு இறுக்கிட்டேன். ரெண்டு கப்புக்கு அப்புறம் தாள் கருகிக் கிழிஞ்சது, அப்பதான் மாத்தினேன்."

வாசலில் நிழல் விழுந்தது. அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்து எழுந்தார். ஒரே ஒரு தடவை பார்த்த முகத்தை அவர் மறக்கவில்லை.

அம்மா அவரைத் தாண்டி உள் கதவைப் பார்த்தார். "உள்ள இருக்காளா? கூப்பிடுப்பா. நான் திட்ட மாட்டேன். முடியை வெட்டினதுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"வெட்டல" என்றார் அவர். "எல்லாம் கொட்டிப் போச்சு. அப்புறம் அவ்வளவுதான் முளைச்சது."

அம்மா சிரித்த முகத்தோடேயே நின்றார். அந்தச் சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பாஸ் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா கத்தி அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?" கடைக்காரர் குரல் உடைந்து உயர்ந்தது. "அந்தக் கப்பை அவ அனுப்பினப்போ ஏன் வாங்கல? வாசல்ல வந்ததைத் திருப்பி அனுப்பினீங்களே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?"

"என்னப்பா சொல்றே? எனக்கு எதுவும் வரலையே!"

அவர் விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பெட்டியின் மேல் அந்த அம்மாவின் விலாசம். குறுக்கே கூரியர்காரர்கள் ஒட்டிய சீட்டு: வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா விலாசத்தைப் படித்தார். அனுப்புநர் என்ற இடத்தில் அந்தக் கடையின் பெயர் மட்டும் இருந்தது.

"இதுவா?" மூச்சு வாங்கியது. "இது ஏதோ கடைப் பேருல வந்துச்சு. நான் எதுவும் வாங்கலையே, ஏமாத்துக்காரங்களா இருக்கும்னு... வேணாம், எடுத்துட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். கடைப் பேரு போட்டிருந்துச்சுப்பா! அவ பேரு இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

கடைக்காரரின் கோபமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. "அவ பேரைப் போடத்தான் நான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "'என் பேரைப் பார்த்தா அம்மா திருப்பி அனுப்பிடுவாங்க, கடைப் பேரையே போடு'ன்னா. 'மூஞ்சியைக் காட்டாதேன்னு சொன்னவங்க, டீ குடிக்கும்போது பார்த்துத்தானே ஆகணும்'னு சிரிச்சா. உங்க இடது கைப் பக்கம் வைக்கணும்னு அளந்து அளந்து ஒட்டினா."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை, தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கடைக்காரர் முகம் கோணிக்கொண்டது. அவரும் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் இதைத் திருப்பி அனுப்பினது அவளுக்குத் தெரியுமா?"

கடைக்காரர் நிமிரவில்லை. "தெரியாது அத்தை. இது திரும்பி வந்தப்போ அவ இல்ல."

எனக்குச் சுபாவமாகவே கண் அலையும். பெட்டியைப் பார்த்தேன். கூரியர்காரர்களின் சீட்டு நடுவில் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. திரும்பி வந்த பிறகு யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வெட்டின் மேலேயே புதிதாக ஒரு டேப் ஒட்டி, அதன் நுனியை அழகாக மடித்துவிட்டிருந்தார்கள், அடுத்து பிரிக்கிறவர் நகத்தால் சுரண்டி அவதிப்படாமல் சுலபமாக இழுப்பதற்காக.

மேஜையில் கடைக்காரர் கட்டி வைத்த பெட்டிகள் இருந்தன. ஒன்றில்கூட நுனி மடிக்கவில்லை. டேப் கோணல்மாணலாகச் சுற்றியிருந்தது. அலமாரியின் மேல்தட்டில் பழைய பெட்டிகள் சில இருந்தன. எல்லாவற்றிலும் நுனி மடித்திருந்தது.

அவள் பார்த்திருக்கிறாள். வாங்க மறுத்துவிட்டார் என்பதைப் படித்திருக்கிறாள். திறந்து, பார்த்து, தன் கையாலேயே மறுபடியும் மூடி வைத்திருக்கிறாள்.

என் வாய் திறந்துவிட்டது. பாஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். எலும்பு வலித்தது. அவர் கண்ணும் அந்த டேப்பில்தான் இருந்தது.

அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளை எனக்காகப் பொய் சொல்றாரா? யார் பொய் சொன்னாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல?"

ஒரு நிழலை வைத்து ஒரு மரணத்தையே கண்டுபிடித்த பெண்மணி மண்டியிட்டு உட்கார்ந்தார். பெட்டியின் மேல், அந்தச் சீட்டை மறைத்துத் தன் உள்ளங்கையை வைத்தார். அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"தெரியும்மா. அவர் பொய் சொல்லல."

"அப்ப நான் வாங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாளா?"

கடைக்காரர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார் பாஸ். "தினமும் நீங்க அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே டீ குடிக்கறீங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போயிருப்பா."